உங்களுக்குத் தெரியுமா? – மெரினாவில் ஒரு நாள்

நுழைவுச்சீட்டு இல்லாமல் ஒரு குடும்பமே ஒரு முழு நாளைக் கழிக்கக்கூடிய இடம் சென்னையில் அதிகம் இல்லை. இருப்பவற்றில் பெரியது மெரினா. புளிசாதம், தண்ணீர்ப் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் பையில் ஏறியாயிற்றா? பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பீச் ஸ்டேஷனில் மணல் இல்லை

‘சென்னைக் கடற்கரை’ என்ற பெயரைப் பார்த்து அந்த ரயில் நிலையத்தில் இறங்கிவிடுகிற வெளியூர்க் குடும்பங்கள் உண்டு. வெளியே வந்தால் ராஜாஜி சாலையும் துறைமுகமும்தான் இருக்கும். ஒரு காலத்தில் அங்கே அலை அடித்தது உண்மை. துறைமுகம் எழும்பியதும் கடல் தள்ளிப்போய்விட்டது. தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது இந்த நிலையத்திலிருந்துதான். மெரினாவுக்குப் போகிறவர்கள் பறக்கும் ரயிலில் ஏறி சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்றில் ஒன்றில் இறங்க வேண்டும்.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

சாலையிலிருந்து அலை வரைக்கும் நடப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் “தூக்கு” என்று கையை நீட்டிவிடுவார்கள். அகலம் சராசரியாக 300 மீட்டர். ஆனால் இந்த மணல்வெளிக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுதான் இருக்கும். அதற்கு முன்பு கடல் இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகிலேயே இருந்தது.

சோழமண்டலக் கரையோரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே தள்ளும். வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப்பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயலில் அதில் ஒரு பகுதி சிதைந்துபோனது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் வழிமறித்தது. தெற்கே, சுவருக்கு இந்தப் பக்கம், மணல் குவியக் குவிய மெரினா அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் இங்கே நடைபாதை அமைத்து, இத்தாலியக் கரை நினைவில் ‘மெரினா’ என்று பெயர் வைத்தார்.

கதையின் மறுபாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. அங்கே கடல் கரையைத் தின்றது; வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டித்தான் கடலைத் தடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஓடி விளையாடும் மணலில் வடசென்னையின் பங்கு இருக்கிறது.

கடல் காற்று எப்போது வரும்?

வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சென்னையில் பெரும்பாலும் உச்சிவேளையை ஒட்டி நுழைந்துவிடும். மே மாதத்தில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல் காற்றை உள்ளே விடாது. அன்றைக்குத்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் நான்கு மணிக்கு மேல் மணலில் கால் வைப்பது நல்லது.

எதிரே நிற்கும் கல்லூரியும் கடலின் நிறமும்

“கடல் ஏம்பா நீலமா இருக்கு?” வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். சாலையின் அந்தப் பக்கம் செங்கல் நிறத்தில் நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டார். கையில் இருந்த ஒரு படிகப் பட்டகத்தின் வழியாக, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று விளக்கினார். வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதும் நீலத்துக்கு ஒரு காரணம். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போன ஆய்வுதான் 1928இல் ராமன் விளைவில் வந்து முடிந்தது. 1930இல் நோபல் பரிசு.

அதே 1930இல் அதே கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது இளைஞர் எஸ். சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், விண்மீன்களின் கடைசிக் காலம் பற்றிக் கணக்குப் போட்டார். அந்த வழியில் செய்த பணிகளுக்காக 1983இல் அவருக்கும் நோபல். ராமனின் அண்ணன் மகன் அவர். மெரினாவுக்கு எதிரே படித்த இரண்டு பேருக்கும் பெரிய யோசனை கப்பலில் வந்திருக்கிறது! பத்தாம் வகுப்புப் பிள்ளை கூட வந்தால் அந்தக் கட்டடத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

கரையோரத்தில் தண்ணீர் பழுப்பாகத் தெரிவது அலை கிளப்பிவிட்ட மணலால்.

அமெரிக்காவிலிருந்து ஐஸ்

வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம், 1840களில் ஐஸ் வைப்பதற்கென்று கட்டப்பட்ட கிடங்கு. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் டூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து விற்றார். செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு அது வீடாக மாறியது. 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கேதான் ஒன்பது நாள் தங்கினார். பக்கத்துப் பேட்டைக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

மணலில் செய்து பார்க்க மூன்று

அலை வந்து போன ஈர மணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். நெருக்கமாக அடங்கியிருந்த மணல்துகள்கள், அழுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன, இடைவெளி கூடுகிறது, மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1885இல் இதை விளக்கினார்.

மணல் வீடு கட்டக் காய்ந்த மணலும் உதவாது, சொதசொதவென்ற மணலும் உதவாது. துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலம் இருந்தால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதற்குத் தேவையான தண்ணீர் மிகக் கொஞ்சம்தான். பிள்ளைகள் வாளி வாளியாக ஊற்றுவார்கள், தடுத்துவிடுங்கள்.

ஒரு காந்தத் துண்டை எடுத்துப் போனால் இன்னும் வேடிக்கை. மணலில் அங்கங்கே கறுப்பாகக் கோடு கோடாக ஓடுவதைப் பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான கனிமத் துகள்கள் அவை. லேசான வெள்ளை மணலை அலை அடித்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அதில் ஒரு பகுதி ஓடிவந்து ஒட்டும்.

அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மெரினாவில் குளிக்கக் காவல்துறை தடை விதித்திருக்கிறது. தடைக்குக் காரணம் இருக்கிறது. கரையில் வந்து கொட்டும் நீர் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்கால்போல் சேர்ந்து, வேகமாக உள்ளே ஓடும். அந்த இழுப்பு உள்ள இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை அடிக்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் பயமில்லாத இடம் என்று நினைத்து இறங்குவது அங்கேதான். இழுப்பு பலமாக இருக்கும்போது அதை எதிர்த்து ஒலிம்பிக் வீரராலும் நீந்த முடியாது. போதாக்குறைக்கு மெரினாவில் கடலடி சட்டென்று சரிகிறது. முழங்கால் அளவில் நிற்கிறவர், இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவில் இருப்பார்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதந்து தெம்பைக் காப்பாற்றிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். வாய்க்கால் குறுகியது, அதைத் தாண்டிவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். காப்பாற்றப் போகிறேன் என்று ஒருவர் பின் ஒருவராகக் குதித்து, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! குதிக்காதீர்கள். மூடிய காலி கேன், பந்து என்று மிதக்கும் எதையாவது வீசிவிட்டு, உடனே மீனவர்களையும் காவலர்களையும் கூப்பிடுங்கள்.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் வளைவு மண்டபத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. அதன்முன் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்த மனிதரின் கதையைச் சொல்லலாம்.

கடல் பின்வாங்கினால் ஓடுங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் கிரிக்கெட் ஆடிய பையன்களும் மீனவர்களும் நிறைந்திருந்த நேரத்தில் ஆழிப்பேரலை மெரினாவுக்குள் புகுந்தது. சுமத்ராவில் நிலம் நடுங்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. சொல்லி எச்சரிக்க அன்று ஏற்பாடு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால், வேடிக்கை பார்க்காமல், கிளிஞ்சல் பொறுக்காமல், மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

பஜ்ஜி, சுண்டல், மீன்

பஜ்ஜி மிளகாயின் காரம் விதையில் இருக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. விதையைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் ஊறுகிறது. நாக்கு எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. காரத்தைக் கொடுக்கும் காப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரோ மோரோ உதவும்.

தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலுக்கு முதல் நாள் இரவே காய்ந்த பட்டாணியை ஊறப்போட்டாக வேண்டும். அதாவது, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூக்கு வாளியோடு உங்கள் முன்னால் நிற்பவரின் வேலை நேற்றே ஆரம்பித்துவிட்டது. அவரிடம் பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பளபளக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியது. புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்னதாகவே தடை விதித்துவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் அவகாசம் அது. அந்த மாதங்களில் வறுவல் கடையில் விலை ஏறியிருந்தால் காரணம் இதுதான்.

பாறையை நகர்த்தும் நால்வர்

உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியர். சிலை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது இந்தக் கரையில் நிற்பதில் ஒரு பொருத்தம் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். 1923 மே 1 அன்று, மீனவச் சமூகத்தில் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் கூட்டம் நடத்திச் செங்கொடி ஏற்றினார்.

வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், வீரமாமுனிவர், ஜி.யு. போப் என்று வரிசையாக நிற்கும் சிலைகள் 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவை. அவற்றில் கண்ணகி சிலை மட்டும் 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் வந்து நின்றது.

மணலில் ரேடியோ

வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க முடியாத காலம். சென்னை மாநகராட்சி 1930இல் தானே ஒரு வானொலிச் சேவையைத் தொடங்கி, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. மாலையில் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம், காசில்லாமல். 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும் வரை இது நடந்தது. மாநகராட்சிகள் இப்படியும் யோசித்திருக்கின்றன.

மெரினாவுக்கு முந்திய ஊர்கள்

நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம். மெரினா என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இந்தக் கரையில் குடியிருக்கும் மீனவர்களின் ஊர்கள் இவை. நமக்கு ஒரு நாள் பொழுதுபோக்கும் இடம், அவர்களுக்கு வலை காயவைக்கும் முற்றம். 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கரையில் நிறுத்தியிருக்கும் படகின்மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கும் முன் அருகில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலையை மிதித்துக்கொண்டு நடக்காதீர்கள். கிழிந்த கண்ணியைப் பின்ன ஒரு பகல் போய்விடும்.

காணும் பொங்கலும் கைப்பட்டையும்

காணும் பொங்கலன்று மெரினாவில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் கட்டிவிடுகிறார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாமே பேனாவால் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடலாம். மணலுக்குள் நுழையும்போதே, “காணாமப் போனா இங்க வந்து நில்லு” என்று ஒரு சிலையையோ கலங்கரை விளக்கத்தையோ காட்டி வையுங்கள். நகரும் கடையை அடையாளம் சொல்லாதீர்கள்.

மின்தூக்கியில் ஏறிப் போகும் கலங்கரை விளக்கம்

முக்கோண வடிவில் நிற்கும் இன்றைய கலங்கரை விளக்கம் 1977இல் வேலையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய விளக்கு எங்கே எரிந்தது தெரியுமா? உயர்நீதிமன்றத்தின் கோபுர உச்சியில். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல ஆண்டு மூடியிருந்த புதிய விளக்கம், 2013 நவம்பரில் மக்களுக்குத் திறந்தது. மேலேயிருந்து பார்த்தால் வளைந்து போகும் கரை முழுதும் தெரியும்.

நுரையில் விளையாட விடாதீர்கள்

மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் பக்கம் கரையெல்லாம் வெண்ணுரை பொங்கும். 2019 டிசம்பர் தொடக்கத்தில் நாள்கணக்கில் நுரை நின்றது. பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் பூசி விளையாடினார்கள். மழைவெள்ளத்தோடு ஆற்றில் அடித்துவந்த கழிவுநீரும் சோப்புத்தூளும் கடலில் அடிபட்டு எழுந்த நுரை அது. தோல் அரிக்கும், நோய் வரும்.

இரவில் வரும் விருந்தாளி

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கூட்டம் கலைந்து விளக்கணைந்த பிறகு, பங்குனி ஆமைகள் சென்னைக் கரையேறுகின்றன. பெண் ஆமை மட்டும்தான் வரும். பின்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண்கள் அதிகம்.

குஞ்சுகள் வெளியே வந்ததும் வெளிச்சம் அதிகம் உள்ள பக்கம் நகரும். இருட்டான கரையில் அது கடல். நட்சத்திர ஒளியும் நிலவொளியும் பட்டு நீர்ப்பரப்புதான் மினுங்கும். நம் கரையிலோ சாலை விளக்குதான் பளிச்சென்று தெரிகிறது. குஞ்சுகள் சாலையைப் பார்த்து ஏறிச் சாகின்றன. அதனால்தான் 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்த ஒரு தன்னார்வ அமைப்பு, பெசன்ட் நகர்–நீலாங்கரைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான வேலிக்குள் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. குஞ்சு விடும் மாலைகளில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். தொடக் கூடாது, கேமரா ஃபிளாஷ் கூடாது.

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். இழுவலையில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் கிடந்தால் மூச்சடைத்துவிடும். வலையின் முனையில் ஆமை மட்டும் தப்பிப் போக ஒரு வழி வைக்கும் கருவி உண்டு. எல்லா இழுவைப் படகிலும் அது இருந்தாக வேண்டும்.

பாட்டியும் அலையைத் தொடலாம்

சக்கர நாற்காலி மணலில் புதையும். அதனாலேயே எத்தனையோ வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் “நீங்க போயிட்டு வாங்க” என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். வந்தாலும் நடைபாதைச் சுவரோடு சரி. மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலம் கேட்டுப் போராடியதன் பலனாக, 2022 நவம்பரில் மெரினாவில் கடலுக்கு அருகே வரை 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை போட்டார்கள். திறந்த சில நாள்களில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். பாதை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடம் வையுங்கள்.